பரிணாமம், உயிரின் தோற்றம், இறைநம்பிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரியல் கற்பித்து வருகிறேன். தினமும் வழிபடும் வழக்கமும் எனக்கு உண்டு. இவை இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்று மாணவர்கள், பெற்றோர்கள், என்னோடு வழிபடுகிறவர்கள், நாத்திக நண்பர்கள் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு நீளமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் பரிணாமத்தை நம்புகிறீர்களா?

"நம்புகிறேன்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கடவுளை நம்புகிறேன், நண்பனை நம்புகிறேன். ஆனால் உடலுக்குள் ரத்தம் சுற்றி வருகிறது என்பதை யாரும் நம்புவதில்லை; சான்றைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். பரிணாமம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

குழப்பத்துக்கு நம் சொல்வழக்கும் ஒரு காரணம். "டார்வினின் பரிணாமக் கொள்கை" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். கொள்கை என்பது கட்சிக்கு இருப்பது. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் கைவிடலாம். அறிவியலில் கோட்பாடு என்பது அப்படிப்பட்டதல்ல. தொற்றுநோய்கள் கிருமிகளால் பரவுகின்றன என்பதும் ஒரு கோட்பாடுதான். சிதறிக் கிடக்கும் ஏராளமான உண்மைகளை ஒன்றாகக் கோத்து, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று விளக்கி, இனி என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அந்தச் சோதனையிலும் தேறிய விளக்கத்துக்கே அந்தப் பெயர் தரப்படுகிறது.

பரிணாமம் என்றால் முதல் உயிர் தானாகத் தோன்றியது என்பதுதானே?

இல்லை. உயிர் என்று ஒன்று வந்த பிறகு அது எப்படிப் பல வகையாகப் பிரிந்தது என்பதே பரிணாமத்தின் பொருள். முதல் உயிர் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. அது வேதியியலைச் சேர்ந்தது. முதல் கேள்விக்கு விடை உறுதியாகத் தெரியும். இரண்டாவதற்கு விடையின் துண்டுகள் மட்டுமே கையில் இருக்கின்றன. கடவுள் இருக்கிறாரா என்பது மூன்றாவது கேள்வி. மூன்றையும் ஒன்றாகப் போட்டு, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதால்தான் பாதிச் சண்டைகள் நடக்கின்றன. முதல் செல்லைக் கடவுளே தம் கையால் படைத்தார் என்று நாளை நிரூபணமானாலும், அதன் பிறகு நடந்த பரிணாமத்தில் ஒரு வரியும் மாறாது.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்குகள் இன்னும் ஏன் இருக்கின்றன?

உங்கள் சித்தப்பா பிள்ளைகள் ஏன் இருக்கிறார்களோ, அதே காரணத்தால்தான். இன்றைய சிம்பன்சி நம் தாத்தா அல்ல, பங்காளி. ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது. அதன் ஒரு கிளை அவர்களிடமும் இன்னொரு கிளை நம்மிடமும் வந்து நிற்கிறது.

இதற்கு என்னை மிகவும் கவர்ந்த சான்று எலும்பில் இல்லை, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் இருக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 48 குரோமோசோம்கள். நமக்கு 46. பொது மூதாதை இருந்தது உண்மையானால், ஒரு ஜோடி எங்கே போனது? அது தொலைந்திருக்க வாய்ப்பில்லை. அத்தனை மரபணுக்களை இழந்த உயிர் பிழைக்காது. அப்படியானால் இரண்டு குரோமோசோம்கள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தழும்பும் இருக்க வேண்டும். குரோமோசோமின் இரு முனைகளிலும் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு குறிப்பிட்ட மரபெழுத்து வரிசை, நம்முடைய 2ஆம் குரோமோசோமின் உட்பகுதியில், இரண்டு முனைகள் நேருக்கு நேர் ஒட்டியதுபோலவே இருப்பதை 1991இல் கண்டார்கள். குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டிய நடுமுடிச்சு அங்கே இரண்டாவதாக ஒன்றும், செயலிழந்த நிலையில், கிடக்கிறது. ஒட்டுப்போட்ட துணியில் தையல் தெரிவதுபோல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓரறிவில் தொடங்கி ஆறறிவில் முடியும் ஏணியாக உயிர்களை அடுக்கிப் பார்ப்பது நமக்குப் பழகிய பார்வை. அழகான வகைப்பாடுதான். ஆனால் பரிணாமம் ஏணி அல்ல, மரம். புல்லும் புழுவும் நம்மை நோக்கி ஏறிக்கொண்டு பாதி வழியில் நிற்பவை அல்ல. நமக்கு இருக்கும் அதே நீண்ட வரலாறு அவற்றுக்கும் இருக்கிறது.

இடைப்பட்ட உயிரினங்கள் எங்கே? ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாமே?

இது டார்வின் காலத்திலேயே பொய்யாகிப்போன வாதம். டார்வினின் நூல் வெளியான 1859க்கு அடுத்த இரண்டே ஆண்டுகளில், பறவையின் இறகும் ஊர்வனவற்றின் பல்லும் எலும்பு வாலும் சேர்ந்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் ஜெர்மனியின் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு நடக்கும் திமிங்கிலங்கள், கால் உள்ள பாம்புகள் என வந்துகொண்டே இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது, மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட டிக்டாலிக். கண்டுபிடித்த விதத்துக்காகவே பிடிக்கும். தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினும் தோழர்களும் இப்படிக் கணக்குப் போட்டார்கள்: 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் சதைத்துடுப்பு மீன்கள் கிடைக்கின்றன. 36 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு கால் விலங்குகள் கிடைக்கின்றன. ஆகவே நடுவே உள்ள வயதில், பழைய ஆற்றுப்படுகையாக இருந்து இன்று வெளியே தெரியும் பாறை எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தோண்டுவோம். நிலவியல் வரைபடத்தைப் பார்த்து வடதுருவத்தை ஒட்டிய கனடாத் தீவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே வேலை செய்யக்கூடிய இடம். சில பயணங்கள் வெறுங்கையோடு முடிந்தன. 2004இல் எல்லெஸ்மியர் தீவில் பாறைக்குள்ளிருந்து ஒரு தட்டையான முகம் எட்டிப் பார்த்தது. செதில் உண்டு, துடுப்பு உண்டு. கூடவே மீனுக்கு இல்லாத கழுத்தும் உண்டு. துடுப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தோள், முழங்கை, மணிக்கட்டு. வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள்.

பின்னர் போலந்தில் டிக்டாலிக்கைவிடப் பழைய காலடித் தடங்கள் கிடைத்ததாக 2010இல் அறிவித்தார்கள். அப்படியானால் டிக்டாலிக் நம் நேர் பாட்டன் அல்ல, பாட்டனின் ஒன்றுவிட்ட சகோதரனாக இருக்கலாம். இதை மறைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை; கண்டுபிடித்தவர்களும் ஆராய்ச்சியாளர்கள்தான். குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டதாக 1912இல் பரபரப்பாகப் பேசப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு மோசடி என்று 1953இல் நிரூபித்தவர்களும் அறிவியலாளர்களே.

கண் போன்ற ஓர் உறுப்பு தற்செயலாக உருவாகியிருக்குமா?

தற்செயலாக உருவாகாது. பரிணாமமும் அப்படிச் சொல்லவில்லை. மரபணு எழுத்துகளில் நேரும் மாற்றம் தற்செயல். அந்த மாற்றங்களில் எது நிலைக்கும் என்பது தற்செயல் அல்ல. மணலைச் சலித்தால் எந்த மணி எந்தத் துளையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பருமணல் மேலேயும் பொடிமணல் கீழேயும் பிரிவது உறுதி. சல்லடையின் வேலையைச் செய்வது இயற்கைத் தேர்வு.

கண் இயற்கைத் தேர்வால் உருவானது என்பது அபத்தமாகத் தோன்றுகிறது என்று டார்வினே எழுதிவிட்டார் என ஒரு மேற்கோள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த வாக்கியத்தை வெட்டிவிடுகிறார்கள். அடுத்த வாக்கியத்திலிருந்து, படிப்படியான கண்கள் இருந்தால் இந்தத் தடை விலகிவிடும் என்று அவர் வாதிடுகிறார். அப்படிப்பட்ட படிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சில நத்தையினங்களுக்கு ஒளியை உணரும் செல்களின் திட்டு மட்டுமே கண். தட்டைப்புழுவுக்கு அது சற்றுக் குழிந்த கிண்ணம். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியும். நாட்டிலஸுக்குக் கிண்ணத்தின் வாய் சுருங்கி ஊசித்துளையாகியிருக்கிறது. லென்ஸ் கிடையாது, மங்கலான உருவம் தெரியும். ஒவ்வொரு படியிலும் அதற்கு முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிகிறது. அதுவே போதும். ஒளித் திட்டிலிருந்து மீனின் கண் வரை வர எவ்வளவு காலம் ஆகும் என்று நில்சன், பெல்கர் என்ற இருவர் 1994இல் கணக்கிட்டார்கள். கஞ்சத்தனமாகவே கணக்குப் போட்டும் 4 லட்சம் தலைமுறைக்கும் குறைவாகவே வந்தது.

ஒரு காகிதத்தை எடுங்கள். இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி; அதிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். காகிதத்தை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் வரும்போது புள்ளி காணாமல் போகும். அங்கே உங்கள் கண்ணுக்குப் பார்வையே இல்லை. நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியுணரும் செல்களுக்கு முன்பக்கமாக ஓடுகின்றன. எல்லாம் சேர்ந்து வெளியேற விழித்திரையைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். துளைத்த இடம் குருடு. ஆக்டோபஸின் கண்ணில் இழைகள் பின்பக்கமாக ஓடுவதால் அதற்குக் குருட்டுப்புள்ளி இல்லை. திட்டம் போட்டு வரைந்த கண் என்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் சொல்வது கடினம். இருந்ததை வைத்து வளர்ந்த கண் என்றால் எளிது.

பரிணாமம் நடப்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் 1988இல் ஒரே பாக்டீரியாவிலிருந்து 12 குடுவைகளைத் தொடங்கினார். தினமும் ஒரு துளியைப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து உறையவைப்பார்கள். குடுவையில் சர்க்கரை குறைவு, சிட்ரேட் நிறைய. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இந்த பாக்டீரியாவால் சிட்ரேட்டை உண்ண முடியாது; அதுவே அதன் அடையாளங்களில் ஒன்று. ஏறத்தாழ 33,000 தலைமுறைகள் கழித்து ஒரு குடுவை மட்டும் கலங்கலாகிவிட்டது. அதில் இருந்தவை சிட்ரேட்டை உண்ணத் தொடங்கியிருந்தன. உறையவைத்த முன்னோர்களை எழுப்பி மறுபடி வளர்த்துப் பார்த்தபோது, பிற்காலத்து முன்னோர்களிடமிருந்து மட்டுமே அந்தத் திறன் மீண்டும் தோன்றியது. அதாவது, வழியமைக்கும் மாற்றங்கள் அதற்கு முன்பே நடந்திருந்தன.

கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் தீவில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் பல பத்தாண்டுகள் குருவிகளைப் பிடித்து அலகை அளந்தார்கள். 1977இல் கடும் வறட்சி. சிறு விதைகள் தீர்ந்துபோய்க் கடினமான பெரிய விதைகள் மட்டும் மிஞ்சின. பெரிய அலகுள்ளவை அதிகம் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு பெரிதாக இருந்தது.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதை அனுமதிக்காதே?

வெளியிலிருந்து ஆற்றல் வராத, மூடிய அமைப்பின் ஒழுங்கு தானாக அதிகரிக்காது என்பதே அந்த விதி. பூமிக்குச் சூரியனிலிருந்து ஆற்றல் ஓயாமல் வருகிறது. இந்த வாதம் சரியென்றால் ஒரு விதை மரமாவதும் நடக்கக்கூடாது.

சரி, முதல் உயிர் எப்படித்தான் வந்தது?

முழு விடை தெரியாது. தெரியாது என்று தயங்காமல் சொல்வதை என் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் "தெரியாது" என்பதற்கும் "ஒன்றுமே தெரியாது" என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

காலத்தை முதலில் பார்ப்போம். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 348 கோடி ஆண்டுப் பாறைகளில், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான ஸ்ட்ரோமாட்டோலைட்டுகள் இருக்கின்றன. எனவே அதற்கு முன்பே உயிர் வந்துவிட்டது.

உயிர்ப்பொருள்களை உருவாக்கத் தனியான ஓர் உயிராற்றல் வேண்டும் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1828இல் பிரீட்ரிக் வோலர் சாதாரண உப்புகளிலிருந்து, சிறுநீரில் இருக்கும் உயிர்ப்பொருளான யூரியாவைச் செய்துவிட்டார். பிறகு லூயி பாஸ்டர் தம் வளைகழுத்துக் குடுவைகளால், கொதிக்கவைத்த ரசத்தில் கிருமிகள் தாமாக முளைப்பதில்லை என்று காட்டினார். "உயிர் உயிரிலிருந்தே வரும் என்று பாஸ்டர் நிரூபித்துவிட்டாரே" என்று இதை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவர் காட்டியது, இன்றைய சூழலில், ஒரு குடுவையில், சில காலத்துக்குள் கிருமிகள் தோன்றுவதில்லை என்பதை. ஆக்சிஜனே இல்லாத ஓர் உலகில், கடலளவு வேதிப்பொருள்களுக்கு, கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்ன நேரும் என்பதை அவர் சோதிக்கவில்லை.

அதைச் சோதிக்கத் துணிந்தவர் ஸ்டான்லி மில்லர். 1952இல் அவருக்கு 22 வயது. சிகாகோவில் ஹெரால்ட் யூரியின் மாணவர். கண்ணாடிக் குடுவையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியை மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களோடு கலந்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறியைப் பாய்ச்சினார். முதல் நாள் கழிந்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பானது. வாரத்தின் இறுதியில் அடர்ந்த சிவப்பாகக் கலங்கியிருந்தது. சோதித்தபோது அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் செங்கற்கள், இருந்தன. பழைய வளிமண்டலம் மில்லர் நினைத்த கலவை அல்ல என்று இன்று பலர் கருதுகிறார்கள். அந்தக் குறை உண்மையானது. ஆனாலும் செங்கற்கள் அரிதானவை அல்ல என்ற அவருடைய கண்டுபிடிப்பு நிலைத்துவிட்டது. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவந்த தூசியில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபெழுத்துகளுக்கு அடிப்படையான ஐந்து காரங்களும் இருந்தன.

செங்கல் இருந்தால் வீடு ஆகிவிடாது, உண்மைதான். இங்கேதான் கோழியா முட்டையா என்ற பழைய சிக்கல் வருகிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும்; புரதம் செய்ய டி.என்.ஏ. வேண்டும். எது முந்தியது? 1980களில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் ஒரு வழியைக் காட்டினார்கள். டி.என்.ஏ.வின் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ. செய்தியைச் சுமப்பதோடு நொதிபோல வேலையும் செய்யும் என்று கண்டுபிடித்து 1989இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறகு ரைபோசோமின் உள்ளமைப்பு தெரியவந்தது. அதற்காக வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் மூவருக்கும் 2009இல் நோபல் கிடைத்தது. உலகின் எல்லா உயிர்களிலும் புரதம் செய்யும் இந்தப் பட்டறையில், அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மையத்தில் புரதம் இல்லை. அங்கே இருப்பது ஆர்.என்.ஏ. இதை முதன்முதலில் படித்தபோது, இடித்துக் கட்டிய வீட்டின் நடுவே பழைய மண்சுவர் ஒன்று அப்படியே நிற்பதைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

மிச்சமிருக்கும் இடைவெளிகள் சிறியவை அல்ல. நொதியின் துணையில்லாமல் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. தன்னைத் தானே முழுமையாகப் படியெடுத்ததை இதுவரை யாரும் காட்டவில்லை. அமினோ அமிலங்களுக்குக் கண்ணாடிப் பிம்பம்போல இடக்கை, வலக்கை என இரு வடிவங்கள் உண்டு; உயிர்கள் இடக்கை வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது ஏன் என்பதற்கு உறுதியான விடை இல்லை. தொடங்கிய இடம் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றா, நனைந்து காயும் குட்டையா என்பதில் கடும் விவாதம் நடக்கிறது.

அப்படியானால் அந்த இடைவெளியில் கடவுள் இருக்கிறார் என்று சொல்லலாமே?

விசுவாசியாகவே சொல்கிறேன்: தயவுசெய்து அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். கோள்களின் பாதை காலப்போக்கில் சீர்குலையும், அதைக் கடவுள் திருத்த வேண்டியிருக்கும் என்று நியூட்டன் எண்ணினார். அடுத்த நூற்றாண்டில் லாப்லாஸ் என்ற கணிதவியலாளர் கணக்குப் போட்டு, கோள்களைத் திருத்த யாரும் வேண்டியதில்லை என்றார். கடவுளுக்கு ஒதுக்கப்பட்ட அறை ஒன்று அன்றைக்குக் காலியானது. யூரியாவுக்கும் அதே கதைதான். ஹிட்லரின் சிறையிலிருந்து 1944இல் எழுதிய கடிதம் ஒன்றில் டீட்ரிச் போன்ஹோபர் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் இதைத்தான் வருத்தத்தோடு குறிப்பிட்டார். நம் அறியாமையை அடைக்கும் பொருளாகக் கடவுளைப் பயன்படுத்தினால், அறிவு வளர வளர அவர் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். நாம் அறியாதவற்றில் அல்ல, அறிந்தவற்றில் கடவுளைக் காண வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆய்வகத்தில் எந்த நாளில் என்ன கண்டுபிடிப்பார்களோ என்று அஞ்சிக்கொண்டே வழிபடுவது என்ன வழிபாடு?

எங்கள் மறைநூலில் பரிணாமம் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறதே?

மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்ற அவதார வரிசை பரிணாமமே என்பார்கள். பைபிளின் ஆறு நாள் படைப்பு என்பது ஆறு யுகங்கள் என்பார்கள். எல்லா உயிர்களும் நீரிலிருந்து என்ற குர்ஆன் வசனத்தைக் காட்டுவார்கள். உயிர் புல்லாகவும் புழுவாகவும் மரமாகவும் பிறந்து இளைத்ததைப் பாடும் பக்திப் பாடலைச் சொல்வார்கள். சொல்கிறவர்களின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் விடை தெரிந்த பிறகு கேள்வித்தாளைப் பார்ப்பதுபோன்ற வாசிப்பு இது. அவதார வரிசையைப் படித்த யாரும், 1859க்கு முன், மீனுக்கும் நிலவிலங்குக்கும் இடைப்பட்டது எந்தப் பாறையில் கிடைக்கும் என்று தேடிப் போனதில்லை. ஆறு யுகம் என்று வைத்தாலும் செடிகள் மூன்றாம் நாளும் சூரியன் நான்காம் நாளும் வருகின்றன. பக்திப் பாடல் பேசுவதோ ஓர் ஆன்மாவின் பிறவிப் பயணத்தை. ஓர் இனத்தின் உடல் மாறிய வரலாற்றை அல்ல.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. துன்பத்தில் கிடந்த பக்தனை எடுத்து நிறுத்திய வரிகளை, ஒரு பாடப்புத்தகத்தின் முன்னோட்டமாகச் சுருக்கிவிடுகிறோம். அந்த வரிகளுக்கு அறிவியலின் சான்றிதழ் தேவையில்லை.

கடவுள் பூமியைப் பழையதுபோலவே படைத்திருக்கலாம் அல்லவா?

1857இல் பிலிப் கோஸ் என்ற இயற்கையியலாளர் இதையே ஒரு முழு நூலாக எழுதினார். முதல் மனிதனுக்குத் தொப்புள் இருந்ததுபோல, பாறைகளும் நடக்காத வரலாற்றின் சுவடுகளோடு படைக்கப்பட்டன என்றார். அவர் பக்தியுள்ளவர், கடல்வாழ் உயிர்களை உயிராக நேசித்தவர். ஆனால் நூலை பக்தர்களும் ஏற்கவில்லை, அறிவியலாளர்களும் ஏற்கவில்லை. இந்த வாதத்தைத் தவறென்று நிரூபிக்க யாராலும் முடியாது. உலகம் நேற்றுக் காலைதான் படைக்கப்பட்டது என்பதையும் நிரூபித்து மறுக்க முடியாது. என் மறுப்பு பக்தியிலிருந்து வருகிறது. கோடிக்கணக்கான பொய்ச் சுவடுகளைப் பாறையில் எழுதிவைத்து ஆராய்கிறவர்களை ஏமாற்றும் ஒருவரை நான் கடவுள் என்று கும்பிட மாட்டேன்.

பரிணாமத்தை ஏற்றால் நாத்திகராகத்தான் வேண்டுமா?

மரபியலுக்கு அடிக்கல் நாட்டிய கிரிகோர் மெண்டல் ஒரு துறவி. மெண்டலையும் டார்வினையும் இணைத்தவர்களில் முதன்மையானவரான தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் தீவிர விசுவாசி. பரிணாமம் வெறும் கருதுகோளைவிட மேலானது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996இல் சொன்னார். தீவிரமாகக் கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தையும் ஏற்கலாம் என்று டார்வினே 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார். தம்மை அறியவொண்ணாவாதி (கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்) என்று அவர் குறிப்பிட்டதும் அதே கடிதத்தில்தான்.

ஆனால் மோதலே இல்லை என்று பூசி மெழுக நான் தயாரில்லை. பூமிக்கு ஆறாயிரம் வயது என்று சொல்லும் நம்பிக்கையும் அறிவியலும் சேர்ந்திருக்க முடியாது. அதில் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அதைவிட ஆழமான மோதல் ஒன்று இருக்கிறது. உயிருள்ள புழுவுக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உள்ளிருந்து தின்று வளரும் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் ஏற்க முடியவில்லை என 1860இல் டார்வின் நண்பருக்கு எழுதினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தவர் அவர். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதாகச் சொல்கிறவர்களிடம் எனக்கு எச்சரிக்கை உண்டு. பரிணாமம் வராமல் இருந்திருந்தாலும் அந்தக் குளவி இருந்திருக்கும் என்பதை மட்டும் சொல்வேன்.

வலியது வாழும் என்றால் ஒழுக்கத்துக்கு என்ன இடம்?

"தகுதியுள்ளது தழைக்கும்" என்ற சொற்றொடர் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சருடையது, 1864. தகுதி என்பது வலிமை அல்ல, சூழலுக்குப் பொருந்துவது. ஒன்றுக்கொன்று உதவும் இனங்களும் தழைத்திருக்கின்றன. அதைவிட முக்கியம், எது நடக்கிறது என்பதிலிருந்து எதைச் செய்ய வேண்டும் என்பது வராது. பொருள் கீழே விழும் என்று ஈர்ப்புவிதி சொல்வதால் யாரையும் மாடியிலிருந்து தள்ளிவிடலாம் என்று ஆகுமா? மனிதர்களைத் தரம் பிரித்து, சிலருக்குப் பிள்ளை பெறும் உரிமையே கூடாது என்ற கொடுமைகளுக்கு டார்வினின் பெயரைப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். அது நடந்தது, மறுக்கக்கூடாது. மதத்தின் பெயராலும் அதே தரம் பிரித்தல் நடந்திருக்கிறது.

பள்ளியில் பரிணாமம், படைப்பு இரண்டையும் கற்பித்தால் என்ன?

மத வகுப்பில் படைப்புக் கதைகளைக் கற்பிக்கட்டும்; எல்லா மதங்களின் கதைகளையும் கற்பித்தால் இன்னும் நல்லது. அறிவியல் வகுப்பில் சோதிக்கக்கூடியதே இருக்க வேண்டும். அமெரிக்காவின் டோவர் என்ற ஊரில் உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்ற கருத்தை "அறிவார்ந்த வடிவமைப்பு" என்ற பெயரில் அறிவியல் வகுப்பில் நுழைக்கப் பார்த்தார்கள். 2005இல் நீதிமன்றம் ஆறு வாரம் நீடித்த விசாரணைக்குப் பின் அது அறிவியல் அல்ல என்று தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்த பெற்றோர்களில் கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் இருந்தார்கள்.

நாளை ஆய்வகத்தில் உயிரை உருவாக்கிவிட்டால் உங்கள் நம்பிக்கை என்னவாகும்?

அன்று இரவு மகிழ்ச்சியில் தூங்க மாட்டேன். வேதிப்பொருளுக்கு உயிராகும் இயல்பு இருக்கிறது என்றால், அந்த இயல்பு ஏன் இருக்கிறது, ஒன்றுமில்லாததற்குப் பதில் ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்போதும் நிற்கும். அதற்குக் கடவுள் என்பது என் விடை. அதை நிரூபித்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியே தேவையில்லை என்று நினைக்கும் நாத்திக நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்; என்னைவிட நல்ல மனிதர்கள் அவர்களில் உண்டு.

பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்தாள். வழிபாட்டில் ஒரு குறிப்பிட்ட பாட்டைப் பாடும்போதெல்லாம் கையில் மயிர்க்கூச்செறிகிறது, அது கடவுள் தொடுவது என்று பாட்டி சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றாள்.

உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, அந்தப் பாட்டை மெல்லப் பாடச் சொன்னேன். முன்கையில் சின்னச் சின்னப் புடைப்புகள் எழுந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மெல்லிய மயிர் நிமிர்ந்தது. ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு சிறு தசை இருக்கிறது, அது இழுக்கும்போதுதான் மயிர் நிற்கிறது என்றேன். குளிரில் ரோமம் சிலிர்த்தால் வெப்பம் தங்கும். நாயைக் கண்ட பூனை சிலிர்த்தால் உருவம் பெரிதாகத் தெரியும். நமக்கு அந்த அடர்ந்த ரோமம் போய்விட்டது, தசை மட்டும் தங்கிவிட்டது. "அப்போ பாட்டி சொன்னது தப்பா?" என்று கேட்டாள். தசையை இழுப்பது எது என்று எனக்குத் தெரியும், அந்தப் பாட்டு உன்னை ஏன் தொடுகிறது என்பது உனக்கும் உன் பாட்டிக்கும்தான் தெரியும் என்றேன்.

கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்றாள்.